'தி வேவ்' அலைப்பாறைக்கு அனுமதி: கனாப் பார்வையாளர் மையத்தில் சீட்டு வாங்கும் வரை, வரிசையாக

யூட்டாவும் அரிசோனாவும் சேரும் எல்லையில், வெர்மிலியன் கிளிஃப்ஸ் தேசிய நினைவுப் பகுதிக்குள் 'தி வேவ்' என்ற அலைப்பாறை இருக்கிறது. கொயோட்டி பியூட்ஸ் வடக்கு என்று வரைபடத்தில் போட்டிருக்கும் அந்த இடத்துக்கு ஒரு நாளைக்கு 64 பேர்தான் போகலாம். அதில் 48 இடங்கள் நான்கு மாதம் முன்பே இணையக் குலுக்கலில் போய்விடும். மீதி 16 இடங்களுக்கு அந்தப் பகுதிக்கே வந்து நின்றுதான் பெயர் கொடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த 16 இடங்களைப் பற்றியது.

குலுக்கலில் பெயர் விழாதவர்களுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பெயர் விழுந்தும் சீட்டு வாங்காமல் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரம் மைல் பறந்து வந்து, பெயரையே கொடுக்க முடியாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை தப்பியதால் வந்த வினை. வரிசை சரியாக இருந்தால் இந்த இரண்டும் நடக்காது.

1. முதலில் நாள்கணக்கு

பலர் நினைப்பது போல இது காலையில் போய்ச் சீட்டு வாங்கி அன்றே நடக்கும் காரியம் அல்ல. மூன்று நாள் வேலை. வெள்ளிக்கிழமை நடக்க வேண்டுமென்றால் புதன்கிழமை விண்ணப்பம். புதன் மாலை முடிவு. வியாழன் காலை பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து சீட்டு வாங்க வேண்டும். வெள்ளி நடை.

ஆகவே ஒரே ஒரு முயற்சிக்கே இரண்டு இரவுகள் அங்கே தங்க வேண்டும். ஒரு முயற்சியை நம்பி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான்கு இரவு தங்கினால் மூன்று முயற்சி கிடைக்கும். எந்த நாள் நடை என்பதை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வாருங்கள். ஊர் திரும்பும் விமானத்தைக் கடைசியில் பதிவு செய்யுங்கள்.

மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர், அக்டோபரிலும் கூட்டம் அதிகம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் போட்டி குறையும். ஆனால் பனியும் சேறும் பாதையை மூடிவிடலாம். ஜூலை, ஆகஸ்டிலும் போட்டி சற்றுக் குறைவு, காரணம் வெயில். அந்த வெயில் ஆளையே கொல்லும். 2013 ஜூலையில் மட்டும் இந்த நடையில் மூன்று பேர் இறந்தார்கள். கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் போகிற எண்ணம் இருந்தால் கோடையை விட்டுவிடுங்கள்.

2. வீட்டிலேயே முடித்துவிட வேண்டியவை

முதலில் நான்கு மாதக் குலுக்கலை முயன்று பாருங்கள். செப்டம்பரில் நடக்க வேண்டுமென்றால் மே மாதம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஜூன் 1 அன்று குலுக்கல். மூன்று தேதிகள் வரை கொடுக்கலாம். அதில் விழுந்துவிட்டால் இந்த அலைச்சலில் பாதி இல்லை. விழாவிட்டால் அந்த மாதமே யூட்டாவில் இருக்கும் கனாப் ஊருக்கு வருவதாகத் திட்டமிடலாம்.

அடுத்தது, இந்தக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் கணக்கு. அதை வீட்டில் உட்கார்ந்தே திறங்கள். உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும். நம் ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல். கடவுச்சீட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், கணக்கில் வெறும் இனிஷியல் இருக்கும். குழுத்தலைவரின் அடையாள அட்டையைச் சீட்டு கொடுக்கும்போது பார்ப்பார்கள். அங்கே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம்.

குழுவில் ஆறு பேருக்கு மேல் கூடாது. கைக்குழந்தையும் ஓர் ஆள் கணக்குதான். முதுகில் சுமந்து போனாலும் அதற்கும் ஓர் இடம் வேண்டும். நாய்க்கும் கட்டணம் உண்டு. விண்ணப்பத்துக்கு 9 டாலர், அது திரும்ப வராது. இடம் கிடைத்தால் ஆளுக்கு 7 டாலர். தேசியப் பூங்காக்களுக்கு வாங்கிய ஆண்டு பாஸ் இந்தக் கட்டணத்துக்குச் செல்லாது.

தலைவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். மாற்றுத் தலைவர் பெயரை விண்ணப்பிக்கும்போதே சேர்க்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. அனுமதியை இன்னொருவருக்கு மாற்றித் தரவும் முடியாது.

கார் வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் மண்சாலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நடை தொடங்கும் இடத்துக்குப் போக 8.3 மைல் மண்சாலை. உயரமான அடிப்பகுதி உள்ள வண்டி நல்லது. இதைக் கனாப் வந்து யோசித்தால் அந்தச் சின்ன ஊரில் வேறு வண்டி தேடி அலைய வேண்டும்.

3. எந்தக் கட்டடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கனாப் சின்ன ஊர்தான், ஆனால் 'விசிட்டர் சென்டர்' என்று தேடினால் வரைபடம் ஒன்றுக்கு மேல் காட்டும். நமக்கு வேண்டியது கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலான்டே தேசிய நினைவுப் பகுதியின் பார்வையாளர் மையம். ஊரின் கிழக்குப் பக்கம், நெடுஞ்சாலை 89 மேலேயே, 745 என்ற எண்ணில் இருக்கிறது.

ஊர் நடுவில் இருப்பது மாவட்டத்தின் சுற்றுலா மையம். அங்கே ஓட்டல், உணவகம் பற்றிச் சொல்வார்கள், அனுமதி அவர்கள் கையில் இல்லை. நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம்.முக்கு ஊரின் தெற்கில் தனி அலுவலகமும் இருக்கிறது. அரிசோனாவின் பேஜ் ஊருக்குப் போகும் வழியில் பிக் வாட்டரில் ஒரு மையம் உண்டு, அது டைனோசர் எலும்புகளுக்கானது. பெயர்ப்பலகைகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் கண் ஏமாறும்.

இன்னொரு தவறு பழைய பயணக் குறிப்புகளால் வருவது. காலை 9 மணிக்கு மையத்தில் கூடுவார்கள், எண் எழுதிய உருண்டைகளைக் கூண்டில் சுழற்றி எடுப்பார்கள் என்று இன்னமும் பல இடங்களில் எழுதியிருக்கிறது. அந்த முறை இப்போது இல்லை. 2022 மார்ச் முதல் அந்த 16 இடங்களுக்கான நாள்குலுக்கல் கைப்பேசி வழியாகத்தான். ஆனாலும் காலை எட்டரை மணிக்கு அந்த வாசலில் வந்து நின்று, "இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்பவர்களை நான் போன ஒவ்வொரு முறையும் பார்த்தேன். பக்கத்தில் நிற்பவர்கள் முந்தின நாள் குலுக்கலில் வென்று சீட்டு வாங்க வந்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

4. முதல் நாள்: விண்ணப்பிக்கும் முன் மையத்துக்குப் போங்கள்

குலுக்கல் கைப்பேசியில் என்றால் மையத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. விண்ணப்பித்த பிறகு தேதியை மாற்ற முடியாது. சாலை சேறாகிப் போக முடியாமல் போனாலும் கட்டணம் திரும்ப வராது, வேறு நாளும் தர மாட்டார்கள். ஆகவே நாளை மறுநாள் அந்த மண்சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் விண்ணப்பத்தில் கை வைக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறார்.

பிற்பகல் 3 மணிக்கு முன்னால் போய்விடுவது நல்லது. அதற்கு மேல் போனால் மையம் மூடும் நேரம் நெருங்கிவிடும், நின்று பேச முடியாது.

மேசையில் இருப்பவரிடம் "எனக்கு அனுமதி கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள். அவரால் தர முடியாது. கவுன்ட்டரில் விற்கும் சீட்டு என்று ஒன்றும் இல்லை. தொலைவிலிருந்து வந்தோம், அம்மாவுக்குப் பிறந்தநாள் என்று சொல்லிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த வேண்டுகோளை அவர்கள் நாள் முழுக்கக் கேட்கிறார்கள். பொறுமையாகத் தலையாட்டுவார்கள், வேறு எதுவும் செய்ய வழியில்லை.

கேட்க வேண்டியவை வேறு. நடை தொடங்கும் இடத்துக்குப் போகும் ஹவுஸ் ராக் வேலி மண்சாலையில் கடைசியாக மழை எப்போது பெய்தது? இன்று காலை அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? என் வண்டி இது, போகுமா? வண்டியின் பெயரையே சொல்லிக் கேளுங்கள். "சாலை சரியாக இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். வண்டியைச் சொல்லிக் கேட்டபோது ஒரு ரேஞ்சர் ஜன்னல் வழியாக வாசலில் நின்ற எங்கள் காரின் டயரைப் பார்த்துவிட்டு, "காய்ந்திருந்தால் மெதுவாகப் போகலாம், மேகம் திரண்டால் திரும்பிவிடுங்கள்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே போயிருக்கலாம்.

நாளை காலை விளக்கக் கூட்டம் எத்தனை மணிக்கு, எந்தக் கதவு வழியாக என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வென்ற பிறகு கேட்க ஆள் இருக்க மாட்டார்கள், மையம் மூடியிருக்கும்.

5. விண்ணப்பம்: கைப்பேசியில், எல்லைக்குள் நின்று

நேரம் காலை 6 முதல் மாலை 6 வரை, யூட்டா நேரப்படி. மடிக்கணினியில் செய்ய முடியாது, கைப்பேசிதான். நீங்கள் நிற்கும் இடத்தை அந்தத் தளம் பார்க்கும். கனாப், பேஜ் ஊர்களையும் அவற்றைச் சுற்றியிருக்கும் பகுதியையும் ஓர் எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் நின்றால்தான் விண்ணப்பம் ஏறும். லாஸ் வேகஸ் விடுதியில் படுத்துக்கொண்டு போட முடியாது.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கைப்பேசியில் லொக்கேஷனை இயக்கியிருப்பார்கள், உலாவிக்கோ ஆப்புக்கோ அதைப் பார்க்க அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள். இரண்டும் தனித்தனி. அலுவலகக் கைப்பேசியில் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தாலும் குழப்பம் வரலாம். அதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று செய்தி வந்தால் பதறாமல் இந்த மூன்றையும் பாருங்கள், பிறகு விடுதி வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள்.

ஒரு குழுவுக்கு ஒரே விண்ணப்பம். கணவன் ஒன்று, மனைவி ஒன்று போட்டால் வாய்ப்பு இரட்டிக்கும் என்று நினைத்துச் செய்யாதீர்கள். இரண்டுமே தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு.

எண்ணிக்கையில் நேர்மையாக இருங்கள். நாள்குலுக்கலில் 16 பேர் அல்லது நான்கு குழு, எது முதலில் நிறைகிறதோ அதுவே கணக்கு. நான்கும் இரண்டு பேர் குழுக்களாக விழுந்தால் அன்று எட்டுப் பேர்தான் போவார்கள். இரண்டு பேர் என்று போட்டுவிட்டு மூன்றாவது ஆளைப் பிறகு சேர்க்க முடியாது. ஆறு என்று போட்டு மூன்று பேர் போனால் வேறு யாருக்கோ கிடைத்திருக்கக்கூடிய இடம் வீணாகும்.

விண்ணப்பம் முடிந்ததும் உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். அட்டையில் பணம் போனதைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். தேதி சரியாக இருக்கிறதா என்பதை அந்த மின்னஞ்சலில்தான் பார்க்க முடியும். இன்று விண்ணப்பித்தால் நடை நாளை மறுநாள். நாளை என்று நினைத்திருந்த ஒரு குடும்பம் மறுநாள் மாலைக்கே விமானம் போட்டு வைத்திருந்தது.

6. கடிகாரம்

இதற்கு ஒரு தனிப் பகுதி வேண்டும். இந்தப் பயணத்தில் மழையை விட அதிகம் கெடுப்பது கடிகாரம்தான்.

யூட்டாவில் மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள். அரிசோனாவில் அந்த வழக்கமே இல்லை. கனாப் யூட்டாவில் இருக்கிறது. பேஜ் அரிசோனாவில். கனாபிலிருந்து தெற்கே ஏழு மைலில் இருக்கும் ஃப்ரெடோனியாவும் அரிசோனாதான். ஆகவே கோடையில் கனாபில் காலை 8:30 என்றால் பேஜில் 7:30. இது போதாதென்று அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ மக்களின் நிலம் யூட்டாவைப் போலக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறது. பேஜை ஒட்டியே அந்த நிலம் தொடங்குகிறது.

கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். எங்கள் முதல் பயணத்தில் பேஜில் தங்கியிருந்தோம். இரவு படுக்கும் முன் என் கைப்பேசியிலும் தம்பியின் கைப்பேசியிலும் ஒரே நேரம். விடியற்காலை எழுந்து பார்த்தால் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டில் ஒன்று 5:40 என்றது, மற்றது 6:40 என்றது. அறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் எது உண்மை என்று தெரிந்தது. அலாரம் ஒரு மணி தாமதமாக அடித்திருந்தால் அன்றைய கூட்டம் போயிருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. கைப்பேசி அமைப்பில் 'தானாக நேரம் மாற்று' என்பதை அணைத்துவிட்டு, யூட்டாவின் மலைப்பகுதி நேரத்தைக் கையால் வையுங்கள். டென்வர் நகரைத் தேர்ந்தெடுத்தால் அதே நேரம்தான். குழுவில் எல்லோருக்கும் இப்படிச் செய்யுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லா நேரமும் யூட்டா நேரம்.

லாஸ் வேகஸிலிருந்து வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஊர் யூட்டாவை விட ஒரு மணி பின்தங்கியது. கனாபுக்குக் கிட்டத்தட்ட 200 மைல், மூன்றரை மணி நேரமாவது ஆகும். அங்கே மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் யூட்டா கணக்கில் ஐந்தரை மணி. விண்ணப்பம் மூட அரை மணிதான் இருக்கும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

7. அன்று மாலை

முடிவு அன்று மாலை 7 மணிக்கு மேல் மின்னஞ்சலில் வரும். குப்பை அஞ்சல் பெட்டியையும் பாருங்கள். மின்னஞ்சல் வரவில்லை என்றால் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்ப் பாருங்கள்.

விழுந்தால் வேலை முடிந்துவிடவில்லை. அந்த அனுமதியை நீங்கள் ஏற்றுக்கொண்டு ஆளுக்கு 7 டாலர் கட்ட வேண்டும். கெடு மறுநாள் காலை 8 மணி. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கெல்லாம் போன் செய்துவிட்டு, கட்டணத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சலைப் படித்த கையோடு கட்டிவிடுங்கள். நான் உணவகத்தில் தட்டு முன்னால் இருக்கும்போதே கட்டி முடித்தேன்.

கூட்டத்துக்கு எங்கே வர வேண்டும் என்பது அந்த மின்னஞ்சலில் இருக்கும். அதை முழுக்கப் படியுங்கள், படம் பிடித்து வையுங்கள். கனாபைப் போலவே பேஜிலும் சீட்டு பெற ஏற்பாடு உண்டு. எந்த ஊரில் தங்கியிருக்கிறீர்களோ அந்த ஊரை வைத்துத் திட்டமிட்டால் காலையில் எழுபது மைல் ஓட்டத் தேவையில்லை.

விழவில்லையா? மறுநாள் காலை 6 மணிக்கு மறுபடி விண்ணப்பம் திறக்கும். 9 டாலர் மறுபடி கட்ட வேண்டும். அதைப் போட்டுவிட்டு அந்த நாளைச் சும்மா கழிக்காதீர்கள். டோட்ஸ்டூல்ஸ் என்ற காளான் பாறைகள் நெடுஞ்சாலை 89 ஓரத்திலிருந்தே நடக்கும் தூரம், போக வர ஒன்றரை மைல் சொச்சம், அனுமதி வேண்டாம். வயர் பாஸ் வழியாகப் பக்ஸ்கின் கல்ச் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் பகல் நடைக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, ஆளுக்கு 6 டாலர். மழை மேகம் தெரிந்தால் அதற்குள் இறங்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பெய்த மழையும் அதற்குள் வெள்ளமாக வரும்.

ஒயிட் பாக்கெட் என்ற இடத்துக்கும் அனுமதி வேண்டாம். என் கண்ணுக்கு அது அலைப்பாறைக்குக் குறைந்ததே இல்லை. ஆனால் வழியெல்லாம் ஆழமான மணல், நான்கு சக்கரமும் இழுக்கும் உயரமான வண்டி இருந்தால் மட்டும் போங்கள். வாடகை செடானில் போய்ப் புதைந்தால் வெளியே இழுக்க ஆகும் செலவு இந்தப் பயணத்தின் மொத்தச் செலவைத் தாண்டும். கனாபில் வண்டியோடு கூட்டிப்போகும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களோடு போவதே மேல். அதே வழிகாட்டிகள் அலைப்பாறைக்கும் அழைத்துப் போவார்கள். ஆனால் அதற்கான அனுமதியை நீங்கள்தான் குலுக்கலில் வெல்ல வேண்டும்.

8. மறுநாள் காலை 8:30: விளக்கக் கூட்டம்

எட்டு மணிக்கே வாசலில் இருங்கள். தாமதமாகப் போனால் மன்னிப்பு கேட்டு வாங்கும் இடமல்ல இது. கூட்டத்தில் உட்காராதவருக்குச் சீட்டு இல்லை. குழுத்தலைவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். குழுவில் எல்லோரும் வந்தால் நல்லது என்பேன். அதற்குக் காரணம் அங்கே காட்டும் படங்கள்.

அலைப்பாறைக்குப் போக வெட்டிய பாதை கிடையாது, வழிகாட்டிப் பலகைகளும் தொடக்கத்துக்குப் பிறகு இல்லை. மணலும் வழுக்குப் பாறையும்தான். ஆகவே புகைப்படங்களோடு ஒரு வழித்தாள் தருகிறார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு அடையாளம், பக்கத்தில் ஜி.பி.எஸ். எண்கள். ரேஞ்சர் அந்தத் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு படமாக நகர்ந்தார்: இந்த இரட்டைக் குன்றைப் பாருங்கள், அதன் வலப்பக்கமாக ஒட்டிப் போங்கள், அதோ தூரத்து மேட்டில் கறுப்பாகத் தெரியும் வெடிப்பு, அதற்கு நேர் கீழேதான் நீங்கள் தேடுவது. அவர் சொல்லச் சொல்லத் தாளின் ஓரத்தில் தமிழில் குறித்துக்கொண்டேன். மறுநாள் பாறை மேல் நின்றபோது அச்சடித்த வரிகளை விட என் கிறுக்கல்தான் உதவியது.

அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: திரும்பி வரும்போது எங்கே வழி தவறுகிறார்கள்? போகும்போது கண்ணெதிரே இருந்த குன்று திரும்பும்போது வேறு வடிவமாகத் தெரியும். தொலைந்தவர்களில் பலர் பார்த்து முடித்துத் திரும்பும்போது தொலைந்தவர்கள்.

கூட்டம் முடிந்ததும் சீட்டைத் தருவார்கள். வண்டியின் முன்கண்ணாடிக்குள் வைக்க ஒரு பகுதி, பையில் கட்ட ஒரு பகுதி. அந்த இடத்தை விட்டு நகரும் முன் நடை தேதியையும் ஆள் எண்ணிக்கையையும் வாசித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கே நிற்கும்போது திருத்துவது ஒரு நிமிட வேலை.

9. அன்று மதியமும் இரவும்

இன்றைக்குச் சாலையைப் பார்த்து வருவது நான் எல்லோருக்கும் சொல்வது. கனாபிலிருந்து நெடுஞ்சாலை 89-இல் கிழக்கே சுமார் 38 மைல். 25, 26 ஆகிய மைல்கற்களுக்கு இடையில் தெற்கே பிரிகிறது ஹவுஸ் ராக் வேலி சாலை. இருட்டோடு கிளம்பும்போது இந்தத் திருப்பத்தைத் தவற விடுவது எளிது. பகலில் ஒருமுறை கண்டுவிட்டால் கவலை இல்லை.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், வழியில் ஒரு சொட்டுக் கிடைக்காது. வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வையுங்கள், அங்கே சிக்னலை நம்ப முடியாது. தாள் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறை. உப்பு சேர்ந்த ஏதாவது தின்பண்டம். எங்கள் பையில் எலுமிச்சை சாதமும் வறுத்த வேர்க்கடலையும் இருந்தன, வெயிலில் இரண்டும் தாங்கின. ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள், இது பாதுகாக்கப்பட்ட வனாந்தரம், அங்கே பறக்கவிட அனுமதி இல்லை. கூடாரம் அடித்துத் தங்கவும் முடியாது, இது பகல் நடைக்கான அனுமதி மட்டுமே.

வீட்டில் யாரிடமாவது எப்போது நடக்கத் தொடங்குகிறோம், எத்தனை மணிக்குள் போன் வரும் என்று சொல்லி வையுங்கள். எந்த நேரக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

10. நடை நாள்

வயர் பாஸ் தொடக்க இடத்தில் கழிப்பறை இருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை. சீட்டின் வண்டிப் பகுதியை வெளியிலிருந்து படிக்கும்படி முன்கண்ணாடிக்குள் வையுங்கள். மற்றதைப் பையின் வெளிப்பக்கம் கட்டுங்கள். உள்ளே வைத்தால் ரேஞ்சர் எதிரில் வரும்போது பையைக் கொட்டித் தேட வேண்டியிருக்கும். பதிவேட்டில் எழுதுங்கள், யாராவது திரும்பவில்லை என்றால் தேடுபவர்கள் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

போக வர சுமார் 6.4 மைல். முதலில் வறண்ட ஓடைப்படுகையில் அரை மைல் போல நடை. அப்புறம் வலப்பக்கம் ஒரு மணல் ஏற்றம் பிரியும். பேச்சு சுவாரசியத்தில் அதைத் தாண்டி ஓடையோடே போய்விட்டால் பக்ஸ்கின் பள்ளத்தாக்குக்குள் போய் நிற்பீர்கள். இரண்டு பக்கமும் சுவர் ஒடுங்கி வருகிறதென்றால் திருப்பத்தை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். வந்த வழியே திரும்புங்கள்.

ஏற்றம் முடிந்து பாறை மேல் வந்ததும் வழித்தாளைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு அடையாளத்தைக் கடக்கும்போதும் நின்று, பின்னால் திரும்பி, வந்த திசையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். போகும்போது இதற்கு மொத்தமாகப் பத்து நிமிடம் கூடுதலாகும். திரும்பும்போது அந்தப் படங்களைக் கடைசியிலிருந்து முதலாகப் பார்த்துக்கொண்டே வரலாம்.

கடைசி மணல்மேடு செங்குத்தானது, அதில் ஏறித்தான் அலைப்பாறைக்குள் நுழைய வேண்டும். ஏறும் முன் தண்ணீரைப் பாருங்கள். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால், எவ்வளவு அருகில் இருந்தாலும், அங்கேயே திரும்பிவிடுங்கள். மிஞ்சியிருப்பது திரும்பும் நடைக்கு வேண்டிய தண்ணீர்.